927 சன்னல்களைப் போர்த்திக்கொண்டு உறங்கும்முன்

ஹில் ஸ்திரீட்டும் ரிவர் வேலி சாலையும் சந்திக்கும் முனையில், சிங்கப்பூர் ஆற்றுக்கு அருகே ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் சன்னல் கதவுகள் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என வரிசை வரிசையாக நிறம் மாறிக்கொண்டே போகும். கிளார்க் கீக்கு வரும் சுற்றுப்பயணிகள் பலர் சாலையைக் கடப்பதற்கு முன்பே கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். திருமணப் படம் எடுக்கும் தம்பதியரையும் அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

அந்தப் படங்கள் இப்போது கைப்பேசியோடும் சுவரோடும் நிற்பதில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்தால் அதைத் துணியில் அச்சிட்டு அனுப்பும் இணைய விற்பனைத் தளங்கள் பெருகிவிட்டன. போர்வை உறை, தலையணை உறை, மெத்தைத் திண்டு, குளியலறைத் திரை என எதில் வேண்டுமானாலும் ஒரு நகரத்தின் புகழ்பெற்ற கட்டடத்தைப் பதித்து வாங்கலாம். லண்டனின் நாடாளுமன்றம், வாஷிங்டனின் கேப்பிட்டல், நம் ஊர் ஹில் ஸ்திரீட் காவல் நிலையம் எல்லாமே படுக்கையறைக்கு வந்துவிட்டன.

வீவக வீட்டுச் சாவி கைக்கு வந்து, சுவருக்கு என்ன நிறம், கட்டிலுக்கு என்ன விரிப்பு என்று கணக்குப் போடும் இளம் தம்பதியருக்கு இது கவர்ச்சியான தேர்வு. தீபாவளிக்குப் புது விரிப்பு வாங்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்கும் அப்படித்தான். பூப்போட்ட விரிப்பு அலுத்துவிட்டது, நம் ஊரின் அடையாளம் ஒன்று வீட்டில் இருக்கட்டுமே என்று நினைப்பதில் குறையொன்றும் இல்லை.

ஆனால், அந்தப் படங்களை ஒரு முறை உற்றுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஓர் ஆள்கூட இருக்க மாட்டார். சன்னல்கள் மட்டும்தான் இருக்கும்.

காவல் நிலையம் வானவில் ஆன கதை

இந்தக் கட்டடம் 1934ல் கட்டி முடிக்கப்பட்டது. அன்றைய பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டாரிங்டன் வார்டு காலத்தில் உருவானது. திறந்தபோது சிங்கப்பூரிலேயே ஆகப் பெரிய அரசாங்கக் கட்டடம் இதுதான். இரண்டு மாடிக் கடைவீடுகள் சூழ்ந்த அந்தக் காலத்து நகரத்தில் ஆறு மாடி என்பது வானளாவிய உயரம்.

சாலையைப் பார்த்த பக்கத்தில் காவல் நிலையம் இயங்கியது. உள்ளே முற்றங்களைச் சுற்றிக் காவலர் குடியிருப்புகள் இருந்தன. அதாவது, நாம் இன்று படமெடுக்கும் சன்னல்களில் பல, யாரோ ஒருவர் வீட்டின் சன்னல்கள். அங்கே சமையல் நடந்திருக்கும், துணி காய்ந்திருக்கும், இரவுப்பணி முடிந்து வந்த தகப்பன் பகலில் தூங்கும்போது பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று தாய் அதட்டியிருப்பார்.

அதே கட்டடத்தில் காவலில் வைக்கப்பட்டவர்களும் இருந்தனர். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் இங்கே கைதிகள் அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. போருக்குப் பின்னர் மீண்டும் காவல் நிலையமாகி, 1980 வரை அப்படியே நீடித்தது.

காவல்துறை வெளியேறிய பிறகு கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு ஹில் ஸ்திரீட் கட்டடம் என்று பெயர் பெற்றது. பல அரசாங்க அலுவலகங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று தேசிய ஆவணக் காப்பகம். 1998 டிசம்பரில் கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடுத்து நடந்த பெரிய சீரமைப்பு முடிந்து, 2000ஆம் ஆண்டில் தகவல், கலைகள் அமைச்சு இங்கே குடியேறியது. 927 சன்னல்களும் வானவில் நிறங்களைப் பெற்றது அப்போதுதான்.

ஆக, இந்த நிறங்களின் வயது சுமார் 25தான். கட்டடத்தின் வயதோ 90ஐத் தாண்டிவிட்டது. காவல் நிலையமாக இருந்த நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கட்டடத்தைப் பார்த்து யாரும் 'எவ்வளவு அழகு' என்று நின்றிருக்க மாட்டார்கள். பயந்து ஒதுங்கிப் போனவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். இன்று மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சும் கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சும் இங்கே இயங்குகின்றன. 2012 முதல் கட்டடம் 'பழைய ஹில் ஸ்திரீட் காவல் நிலையம்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. நிறம் மாறினாலும் பழைய பெயரை மறைக்கவில்லை என்பது நல்ல விஷயம்.

லிட்டில் இந்தியாவிலும் இதே கதைக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா இல்லம், அந்த வட்டாரத்தில் ஆக அதிகமாகப் படமெடுக்கப்படும் வீடுகளில் ஒன்று. 1900ல் ஒரு சீனத் தொழிலதிபர் கட்டிய வீடு அது. இன்று அதைப் பார்ப்பவர்கள், கண்ணைப் பறிக்கும் அந்த நிறங்கள் அன்றிலிருந்தே இருந்தன என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவையும் பிற்காலச் சீரமைப்பில் வந்தவைதான். படம் நமக்குக் காட்டுவது கட்டடத்தின் கடைசி அத்தியாயத்தை மட்டுமே.

நம்மவர் கைகள் கட்டியவை

ஹில் ஸ்திரீட் காவல் நிலையத்துக்கு முந்திய தலைமுறைக் கட்டடங்களுக்குப் போனால், தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதை காத்திருக்கிறது.

1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளின் முதல் தொகுதி சிங்கப்பூருக்கு வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் அவர்கள். அதன்பின் வங்கத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கைதிகள் வந்துகொண்டே இருந்தனர். 1873 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், இந்தத் தீவின் சாலைகளையும் பாலங்களையும் அரசாங்கக் கட்டடங்களையும் எழுப்பியதில் அவர்களது உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்று அதிபரின் அதிகாரபூர்வ இல்லமாக இருக்கும் இஸ்தானா, 1867க்கும் 1869க்கும் இடையே அரசாங்க மாளிகையாகக் கட்டப்பட்டது. அதைக் கட்டியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு பெரிது. அதே 1860களில் எழுந்த எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தின் முதற்பகுதிக்கும் அவர்கள் உழைத்தனர். நீதிமன்றமாகத் தொடங்கித் திட்டமிட்டு, அரசாங்க அலுவலகமாகி, இன்று ஆசிய நாகரிக அரும்பொருளகமாக இருக்கும் கட்டடம் அதுதான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெண்சுவர்களில் பூசப்பட்டது சென்னைச் சுண்ணாம்புக் கலவை. முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சிப்பிச் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நம் ஊர் செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பளபளப்பு புதிதல்ல.

எம்பிரஸ் பிளேஸுக்கு நம் குடும்பங்களோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. விடுதலைக்குப் பின்னர் பிறப்பு, இறப்புப் பதிவகமும் குடியுரிமைப் பதிவகமும் குடிநுழைவுத் துறையும் அங்கேதான் இருந்தன. வீட்டில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் பிறப்பைப் பதிய வரிசையில் நின்றது, குடியுரிமைத் தாளைக் கையில் வாங்கியது என்று ஒரு கதை கட்டாயம் வெளிவரும்.

அந்தக் கைதிகள் கட்டியவை இன்று அஞ்சலட்டைகளிலும் நாள்காட்டிகளிலும் இருக்கின்றன. ஆனால், அவர்கள் அடைபட்டிருந்த பிராஸ் பாசா சிறை இடிக்கப்பட்டுவிட்டது. அவர்கள் உழைத்த இடங்களைப் படமெடுத்துப் படுக்கையில் விரிக்கலாம். அவர்கள் தூங்கிய இடத்தைப் படமெடுக்க இன்று அங்கே எதுவும் மிச்சமில்லை.

படம் மட்டும் மிஞ்சினால்

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சில ஆண்டுகளுக்குமுன் வரை நான்கு நிறக் கட்டடங்கள் நின்றன. ரோச்சோர் சென்டர். 1977ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியது. பிற்காலத்தில் ஒவ்வொரு புளோக்குக்கும் ஒரு நிறம் பூசப்பட்டது. அந்த நிறங்கள் வந்த பிறகு அதுவும் படமெடுப்பவர்களின் செல்லப்பிள்ளை ஆயிற்று.

வடக்கு-தெற்குப் பெருவழிக்காக அதை இடிக்கப்போவதாக 2011ல் அறிவிப்பு வந்தது. 567 குடும்பங்கள் அங்கிருந்து மாற வேண்டியிருந்தது. பலர் காலாங்கில் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்குப் போனார்கள். 2018ல் இடிக்கும் பணி தொடங்கியது. கடைசி மாதங்களில் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் அந்த நிறச் சுவர்களைப் படமெடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் வடிவமைப்பாளர்கள் பழைய வீவக கட்டடங்களின் முகப்பை மெத்தைத் திண்டுகளிலும் துணிப்பைகளிலும் அச்சிட்டு விற்பது வழக்கமாகிவிட்டது. இடிபட்ட கட்டடங்கள் அப்படித்தான் பலர் வீட்டுக்குள் தொடர்ந்து வாழ்கின்றன.

கீழ்த்தளக் கடைகளில் பூசைப்பொருளும் பாத்திரமும் வாங்கியவர்களுக்கு, அந்த நிறத்தைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் நினைவுக்கு வரும். அங்கே வாழாத, கால் வைக்காத ஒருவருக்கு அது நான்கு நிறப் பட்டைகள் மட்டும்தான். துணி ஒன்றுதான், அச்சும் ஒன்றுதான். தெரிந்துவைத்திருப்பதில்தான் வேறுபாடு. கட்டடப் படத்தைப் படுக்கையறைக்குக் கொண்டுவரும் எவருக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். அதன் கதை தெரிந்தால் அது வீட்டுப் பொருள். தெரியாவிட்டால் அது ஹோட்டல் அறையின் விரிப்பைப் போன்றது.

பாயில் பெயர் நெய்தவர்கள்

படுக்கையில் அடையாளத்தைப் பதிக்கும் ஆசை தமிழர்களுக்குப் புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரைப்புல்லை நூல்போலக் கிழித்து நெய்யும் பாயில் மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் நெய்து சீராகக் கொடுப்பார்கள். பட்டுபோல் மடியும் அந்தப் பாய், படுப்பதற்கு மட்டும் உரியதன்று. யாருக்கு யார் கொடுத்தது என்பதை அது நினைவில் வைத்திருக்கும். பவானி ஜமக்காளத்தின் அகலப் பட்டைகளும், சென்னிமலைப் போர்வையின் கட்டங்களும், மதுரைச் சுங்குடியின் புள்ளிகளும் பார்த்தவுடன் ஊரைச் சொல்லிவிடும்.

ஒரு சன்னல் முகப்பின் படம் துணியில் எடுப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம். 927 சன்னல்கள் என்பது கிட்டத்தட்ட ஒரு கட்டம்போட்ட துணி. செங்குத்தாகவும் கிடைமட்டமாகவும் ஓடும் கோடுகள், இடைவெளி மாறாத நிறச் சதுரங்கள். நெசவாளர் கண்ணுக்கு அது பழகிய கணக்கு.

இன்று உலகின் பல நாட்டுக் கடைகளில் விற்கும் படுக்கை விரிப்புகளும் சமையலறைத் துணிகளும் கரூரிலிருந்து போகின்றன. வீட்டுத்துணி ஏற்றுமதியில் பெயர்பெற்ற ஊர் அது. தேக்காவிலோ முஸ்தஃபாவிலோ விரிப்பு வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'இந்தியாவில் தயாரானது' என்று இருந்தால், தமிழ்நாட்டு நெசவாளர் ஒருவரின் உழைப்பு அதில் இருக்க வாய்ப்புண்டு.

துணியில் ஏறும் படம்

சரி, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். இனி பணத்தை வீணாக்காமல் வாங்குவது எப்படி?

முதலில் துணி. படத்தைத் துணியில் அச்சிட இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. பாலியெஸ்டர் துணி என்றால், சாயத்தை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாக்கி இழைக்குள் ஏற்றுகிறார்கள். நிறம் பளிச்சென்று இருக்கும், துவைத்தாலும் எளிதில் போகாது. பருத்தித் துணியில் இந்த முறை சரிவராது. அதற்கு, இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும் சாயம் வேண்டும். அச்சிட்ட பிறகு நீராவியில் வைத்து, அலசி எடுக்க வேண்டும். அதனால் விலை கூடும், நிறமும் சற்று அடக்கமாக இருக்கும்.

இணையத்தில் விற்கும் படப் போர்வை உறைகளில் பல பாலியெஸ்டரால் ஆனவை. குளிர்நாட்டுக்கு அது பொருந்தும். சிங்கப்பூரின் புழுக்கத்தில் அப்படியல்ல. பருத்தி தன் எடையில் ஏழெட்டு விழுக்காடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இழுக்காது. வியர்வை உடம்பிலேயே தங்கும். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் வீடு என்றால் பரவாயில்லை. மின்விசிறி மட்டும் என்றால், உடம்பில் படும் கீழ்விரிப்பும் தலையணை உறையும் பருத்தியாக இருக்கட்டும். படம் போட்டது மேல்போர்வையாக மட்டும் இருந்தால் போதும்.

அடுத்தது படத்தின் அளவு. நாமே எடுத்த படத்தை அச்சிட விரும்புபவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். குயின் கட்டிலுக்கான போர்வை உறை பெரும்பாலும் 210 சென்டிமீட்டர் சதுரம், அதாவது ஏறத்தாழ 83 அங்குலம். துணியில் படம் தெளிவாக விழ அங்குலத்துக்கு 100 முதல் 150 புள்ளிகள் இருந்தால் நல்லது. அப்படியென்றால் படத்தின் ஒரு பக்கம் 8,000 முதல் 12,000 புள்ளிகள் வரை இருக்க வேண்டும். கைப்பேசியின் வழக்கமான 12 மெகாபிக்சல் படத்தில் நீளப்பக்கம் 4,000 புள்ளிகள்தான். போர்வையில் அது அங்குலத்துக்கு 48 புள்ளியாகச் சுருங்கிவிடும். சன்னல் கோடுகள் மங்கலாகத் தெரியும். ஆனால், அதே படம் 70 சென்டிமீட்டர் அகலத் தலையணை உறைக்குத் தாராளமாகப் போதும். கைப்பேசிப் படம் என்றால் தலையணையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, கோணம். கட்டடத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் கோடுகள் மேலே போகப்போகச் சாய்ந்து குவியும். திரையில் அழகாகத் தெரியும் அந்தச் சாய்வு, மடிப்பு விழும் துணியில் கோணலாகத் தெரியும். எதிர்ச்சாலையில் நின்று, சுவருக்கு நேராக எடுத்த படமே படுக்கைக்கு ஏற்றது. காலை வெயிலில், நிழல் அதிகம் விழாத நேரமாகப் பார்த்து எடுங்கள். போர்வையின் மேற்பகுதியைத் தலையணைகள் மறைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கட்டடத்தின் கூரைதான் முக்கியம் என்றால், படத்தைச் சற்றுக் கீழே இறக்கி அச்சிடச் சொல்லுங்கள்.

துவைக்கும்போது உட்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் போடுங்கள். வீவக வீட்டு மூங்கில் கழியிலும் அப்படியே திருப்பிக் காயப்போட்டால், நேர்வெயிலில் நிறம் வெளுக்காது.

படம் யாருடையது?

சிங்கப்பூர்ச் சட்டப்படி, ஒரு கட்டடத்தைப் படமெடுப்பது அந்தக் கட்டடக் கலைஞரின் பதிப்புரிமையை மீறியதாகாது. நீங்களே எடுத்த படத்தை உங்கள் வீட்டுப் போர்வையில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால், வேறொருவர் எடுத்த படம் அவருடைய உடைமை. 'இணையத்தில் கிடைத்தது' என்பது அனுமதி ஆகாது. 2021ஆம் ஆண்டின் புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் சேர்த்தது. விற்பனைத் தளத்தில் படக்கலைஞரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, கட்டடத்தைக் கட்டியவர்களைப் போல அவரும் பெயரில்லாமல் போகாதிருக்க நாம் செய்யக்கூடிய சிறிய காரியம். படமெடுக்கத் தடை என்ற அறிவிப்புப் பலகை இருக்கும் அரசாங்கக் கட்டடங்களில் அதை மதிக்க வேண்டும்.

காலடியில் எதைப் போடலாம்?

இந்தப் பேச்சு வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி வேறு. "அது மேல காலை நீட்டிப் படுக்கலாமாடா?"

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ள நமக்கு இது நியாயமான கேள்விதான். தெய்வப் படத்தையோ கோபுரத்தையோ விரிப்பில் அச்சிட்டால் பல வீடுகளில் மனம் ஒப்பாது. தேசியச் சின்னங்களுக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. இந்தியாவில் தேசிய மரியாதைக்கு இழைக்கும் அவமதிப்பைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம், மெத்தைத் திண்டிலும் கைக்குட்டையிலும் தேசியக் கொடியை அச்சிடுவதைத் தடை செய்கிறது. சிங்கப்பூரில் கொடி, அரசுச் சின்னம் ஆகியவற்றின் பயன்பாட்டை 2022ஆம் ஆண்டின் தேசியச் சின்னங்கள் சட்டம் நெறிப்படுத்துகிறது. அவற்றைத் துணியில் பதிக்க நினைப்பவர்கள் முதலில் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய அரசாங்கக் கட்டடம் இந்த இரண்டிலும் சேராது. அது வணங்கும் பொருளும் இல்லை, கொடியும் இல்லை. வாசலில் கோலத்தைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறோம், பிறகு அதன்மேல் நடந்துதான் வீட்டுக்குள் வருகிறோம். அழகாக இருப்பதெல்லாம் தொடக்கூடாதது என்று நம் மரபு சொல்லவில்லை. இருந்தாலும் பாட்டிக்கு மனம் உறுத்துகிறது என்றால், கட்டடத்தைத் தலையணை உறைக்கோ சாய்ந்து உட்காரும் திண்டுக்கோ மாற்றிவிடலாம். தலைமாட்டில் இருந்தால் யாருக்கும் ஆட்சேபம் இராது.

வதைபட்டவர்கள் இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தின் படம் படுக்கையறைக்கு ஆகுமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அது அவரவர் மனத்தைப் பொறுத்தது. வேண்டாம் என்று தோன்றினால் வேறு கட்டடம் பார்த்துக்கொள்ளலாம். வேண்டும் என்று எடுப்பவர்கள், தெரிந்தே எடுத்தால் நல்லது.

குரல்கள் இருக்கின்றன

ஹில் ஸ்திரீட் கட்டடத்தில் 1980களிலும் 1990களிலும் தேசிய ஆவணக் காப்பகம் இயங்கியதைப் பார்த்தோம். 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டமும் அதன் ஒரு பகுதி. தொழிலாளர்கள், வணிகர்கள், ஆசிரியர்கள், போர்க்காலத்தைக் கடந்தவர்கள் எனப் பலதரப்பட்டவர்களை உட்காரவைத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே ஒலிப்பதிவு செய்தார்கள். ஒரு காலத்தில் கைதானவர்களின் வாக்குமூலத்தை எழுதிய கட்டடம், பின்னாளில் சாதாரண மனிதர்கள் தாமாகச் சொன்ன கதைகளைப் பாதுகாத்தது.

அந்த ஒலிப்பதிவுகள் பலவற்றைக் காப்பகத்தின் இணையத்தளத்தில் இன்று வீட்டிலிருந்தே கேட்கலாம். தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அவற்றில் உண்டு. சிராங்கூன் சாலையில் மாட்டுக்கொட்டகைகள் இருந்த காலம், துறைமுக வேலை, ஜப்பானியர் காலத்துப் பசி என்று பேசுபவர்களின் குரலைப் பிள்ளைகளோடு சேர்ந்து பத்து நிமிடம் கேட்டால், சன்னல் படத்தில் இல்லாத ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள்.

வார இறுதியில் ஒரு நடை போய் வரலாம். கிளார்க் கீ ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடத் தொலைவுதான். காவல் நிலையத்தைப் பார்த்துவிட்டு, அதே ஹில் ஸ்திரீட்டில் 1909ல் எழுந்த சிவப்பு, வெள்ளைத் தீயணைப்பு நிலையத்தையும் பார்க்கலாம். அப்படியே ஆற்றோரமாக எம்பிரஸ் பிளேஸ் வரை நடந்தால், நம்மவர் உழைத்த சுவர்களின் நிழலில் சற்று உட்காரலாம். தாத்தா பாட்டியை அழைத்துப் போனால் இன்னும் நல்லது. அவர்களுக்கு இந்தச் சாலைகளின் பழைய பெயர்களும் தெரிந்திருக்கும், பழைய பயமும் தெரிந்திருக்கும்.

அங்கே எடுக்கும் படத்தில் அவர்களையும் நிறுத்தி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தலையணை உறைக்கு அந்தப் படத்தின் அளவும் போதும்.